பறவைகளைக் குரலால் அறிவோம்: தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது இருநோக்கி. ஆனால் மாமரம் தழைத்து நிற்கும்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இருநோக்கியும் கைகொடுக்காது. இலைக்குள் இருக்கும் பறவை குரலால்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளும் பறவைகளில் பல அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. குரலை வைத்துத்தான் பட்டியலில் ஏறுகின்றன. ஆந்தை, பக்கி போன்ற இரவுப் பறவைகளைத் தேடுகிறவர்களுக்குக் காதுதான் முதல் துணை.

இதற்கு இசை ஞானம் தேவையில்லை. சுருதியும் தாளமும் அறியாதவர்களும் நன்றாகக் கற்றிருக்கிறார்கள். தேவை ஒரு சரியான வரிசை. முதல் நாளே ஐம்பது, நூறு பறவைகளின் ஒலிப்பதிவுகளை இறக்கி வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதால்தான் பலர் குழம்பி, ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறான பாதையில் போகிறது. உங்கள் தெருவில் ஒலிக்கும் பத்துக் குரல்களைச் சந்தேகமே இல்லாமல் தெரிந்துகொள்ளுங்கள். அதன்பின் பதினோராவது குரல் தானாகவே காதில் தனித்து விழும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தின்மேல் நிற்பவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களிலும் தோட்டங்களிலும் வாழும் பறவைகள்.

## தொடங்குமுன் தேவைப்படுபவை

ஒரு சிறு நோட்டு, ஒரு பேனா, ஒலிப்பதிவு செய்யக்கூடிய கைபேசி. இவை போதும். இருநோக்கி இருந்தால் நல்லது. 8×42 வகை தொடங்குபவர்களுக்குக் கையாள எளிது. பெயரும் படமும் பார்க்க ஒரு கையேடு வேண்டும். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ (க்ரியா வெளியீடு) தமிழில் தொடங்குவதற்கு ஏற்றது.

## படி 1: அழைப்பு எது, பாட்டு எது என்று பிரித்தறியுங்கள்

நமக்குக் குரல்வளை கழுத்தில் இருக்கிறது. பறவைக்குக் குரல் பிறக்கும் உறுப்பு இன்னும் கீழே, மூச்சுக்குழாய் இரண்டாகக் கிளை பிரியும் இடத்தில் இருக்கிறது. பாடும் பறவைகள் பலவற்றால் அதன் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியே இயக்க முடியும். சிறு குருவியின் பாட்டில் இரண்டு பறவைகள் சேர்ந்து பாடுவதுபோன்ற சிக்கல் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த உறுப்பிலிருந்து வருபவற்றை இரண்டாகப் பிரிக்கலாம்.

பாட்டு: நீளமானது, ஓர் அமைப்பு உடையது, திரும்பத் திரும்ப வருவது. நம் ஊர்ப் பறவைகளில் பெரும்பாலும் ஆண் பறவை, இனப்பெருக்கக் காலத்தில், ‘இது என் இடம்’ என்று மற்ற ஆண்களுக்கும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பெண்ணுக்கும் சொல்வது.

அழைப்பு: குறுகியது. ஆணும் பெண்ணும் ஆண்டு முழுவதும் எழுப்புவது. கூட்டத்தோடு தொடர்பில் இருக்க ஒன்று, பறக்கும்போது ஒன்று, பாம்பையோ பூனையையோ கண்டால் ஒன்று, தாயிடம் இரை கேட்கும் குஞ்சுக்கு ஒன்று என்று ஒரே பறவைக்குப் பல அழைப்புகள் உண்டு.

இது தெரியாவிட்டால் ஒரே பறவையை மூன்று பறவைகளாக எண்ணிவிடுவோம். எல்லோருக்கும் தெரிந்த குயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கு-ஊ, கு-ஊ’ என்று படிப்படியாக ஏறிச் சட்டென்று நிற்பது கரிய ஆண். அதே மரத்திலிருந்து ‘கிக்-கிக்-கிக்-கிக்’ என்று பதறிக்கொண்டு ஓடுவது உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட பழுப்புநிறப் பெண். இரண்டாவதைக் குயில் என்று அடையாளம் காண்பவர்கள் குறைவு.

## படி 2: கற்றுப் பாடாத பறவைகளிலிருந்து தொடங்குங்கள்

பறவைகளில் ஒரு பிரிவு தன் பாட்டைப் பெரியவற்றிடம் கேட்டுக் கற்கிறது. குண்டுகரிச்சான், தேன்சிட்டு, தையல்சிட்டு, மைனா எல்லாம் இந்த வகை. இவற்றின் பாட்டு ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். இன்னொரு பிரிவுக்குக் குரல் பிறவியிலேயே வருகிறது. குயில்கள், புறாக்கள், குக்குறுவான்கள், ஆந்தைகள், மீன்கொத்திகள் இந்த வகை. காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும் குயில் குயிலாகவே கூவுகிறது.

தொடங்குபவருக்கு இது பெரிய வசதி. பிறவிக் குரல் உள்ள பறவை கும்பகோணத்தில் ஒலிப்பதுபோலவே கோவையிலும் ஒலிக்கும். ஒருமுறை கற்றால் போதும். ஆகவே முதல் பத்தை இந்தப் பிரிவிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்:

1. குயில்: மேலே சொன்ன இரு குரல்களும்.
2. செம்போத்து (செண்பகம்): ‘ஊப்-ஊப்-ஊப்-ஊப்’ என்று வயிற்றிலிருந்து வருவதுபோன்ற ஆழ்ந்த ஒலி. ஒன்று தொடங்கினால் எட்டத்திலிருந்து இணை பதில் தரும். ஆந்தை என்று பலர் நினைத்துக்கொள்வது இதைத்தான். ஆனால் இது பட்டப்பகலில் ஒலிக்கும்.
3. செம்மார்புக் குக்குறுவான்: ‘டுக்… டுக்… டுக்…’ என்று செப்புத்தகட்டில் சுத்தி தட்டும் ஓசை. நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும். வேகம் மாறவே மாறாது. உச்சி வெயிலிலும் நிற்காது.
4. புள்ளிப்புறா: ‘குரூ-குருக்… குரூ… குரூ’ என்று கனத்த, சோம்பலான முனகல். இதன் உறவான சின்னத் தவிட்டுப்புறாவின் குரல் மெலிது. உள்ளுக்குள் சிரிப்பதுபோல் குலுங்கும். இரண்டையும் சேர்த்தே பழகுங்கள்.
5. செம்மூக்கு ஆள்காட்டி: ‘டிட்-டிட்-டிட்டி-டூ-இட்’ என்ற கூர்மையான எச்சரிக்கை. ஏரிக்கரையிலும் காலி மனையிலும், நள்ளிரவிலும்கூட.
6. வெண்மார்பு மீன்கொத்தி: பறக்கும்போது கலகலவென்று சிரிப்பதுபோன்ற உரத்த தொடர். காலையில் தென்னை உச்சியிலோ மின்கம்பத்திலோ உட்கார்ந்து நடுங்கும் சீழ்க்கையாக இழுக்கும்.
7. அக்காக் குயில்: ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு முறையும் சுருதி ஏற்றி, உச்சத்தில் அறுந்து நிற்கும். நிலவொளி இரவுகளிலும் கேட்கும்.
8. மயில்: ‘மே-ஆவ்’ என்று ஊரைத் தாண்டும் அகவல்.
9. கவுதாரி: ‘கடீட்டர்-கடீட்டர்-கடீட்டர்’ என்று புதர்க்காட்டில் காலை நேரத்தில் விரைந்து எழும் குரல்.
10. புள்ளி ஆந்தை: இருட்டும் நேரத்தில் ‘சிர்ர்-சிர்ர்-சிவக்-சிவக்’ என்று இணையாகப் போடும் கூச்சல்.

உங்கள் பகுதியில் கவுதாரியோ மயிலோ இல்லையென்றால் அந்த இடத்தில் நீங்கள் அன்றாடம் கேட்கும் வேறொரு பறவையை வையுங்கள். நாள்தோறும் கேட்கக் கிடைக்காத பறவையை முதல் பட்டியலில் சேர்ப்பதால் பயனில்லை.

## படி 3: ஒவ்வொரு குரலிடமும் ஐந்து கேள்விகள் கேளுங்கள்

‘இது என்ன பறவை?’ என்று உடனே பெயருக்குத் தாவ வேண்டாம். முதலில் குரலை விவரியுங்கள். விவரிக்க முடிந்த குரல்தான் நினைவில் நிற்கும்.

சுருதி: தாழ்ந்ததா, உயர்ந்ததா? செம்போத்தின் குரல் ஒரு கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே நிற்கிறது. தேன்சிட்டின் கூரிய ஒலிகள் அதற்குப் பல மடங்கு மேலே இருக்கின்றன. வயது ஏற ஏற உயர்ந்த ஒலிகள் காதில் விழுவது குறையும் என்பதால், மூத்தவர்கள் தாழ்ந்த குரல்களில் தொடங்குவது நல்லது.

போக்கு: ஏறுகிறதா, இறங்குகிறதா, ஒரே மட்டத்தில் போகிறதா? குயிலும் அக்காக் குயிலும் ஏறும். செம்போத்தின் தொடர் பெரும்பாலும் இறங்கும். குக்குறுவான் அசையாது.

நடை: வேகம் என்ன? இடைவெளி சீரானதா? முடிவில் வேகம் கூடுகிறதா?

திரும்ப வருதல்: ஒரே சொல்தானா, இரண்டு மூன்று மாறி மாறி வருகின்றனவா, அல்லது ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கிறதா?

தன்மை: சீழ்க்கை, கரகரப்பு, முனகல், சலசலப்பு, உலோக ஒலி, இவற்றில் எது?

ஆறாவதாக ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: குரல் வந்த உயரம். தரையா, புதரா, நடுக்கிளையா, உச்சியா, வானமா? பாதிப் பறவைகள் இந்த ஒரு கேள்வியிலேயே கழிந்துவிடும்.

## படி 4: குரலை எழுதுங்கள், வரையுங்கள்

கையேட்டில் போட்டிருக்கும் ஒலிச்சொல் உங்கள் காதுக்குப் பொருந்தாமல் போகலாம். அதனால் நீங்களே எழுதுங்கள். தையல்சிட்டின் குரலை ஒருவர் ‘டுவிட்-டுவிட்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘சீப்-சீப்’ என்பார். எழுதியவருக்கு நினைவு வந்தால் போதும். வேடிக்கையான வாக்கியமாக இருந்தால் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

சொல்லுக்கு அடங்காத குரலைக் கோடாக வரையலாம். இடமிருந்து வலமாகக் காலம், கீழிருந்து மேலாகச் சுருதி. குக்குறுவானுக்கு ஒரே மட்டத்தில் சீரான புள்ளிகள். அக்காக் குயிலுக்கு மேலேறும் படிக்கட்டு. நடுங்கும் சீழ்க்கைக்கு நெளிகோடு. பின்னால் செயலிகளில் ஒலிவரைபடம் பார்க்கும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும். அதுவும் இதே முறையில்தான் வரையப்படுகிறது.

## படி 5: குரலுக்கு உரியதைக் கண்ணால் பாருங்கள்

இந்தக் கலையின் உயிர்நாடி இந்தப் படிதான். ஒலிப்பதிவை இருபது முறை கேட்பதைவிட, பறவை அலகைத் திறந்து அந்த ஒலியை எழுப்புவதை ஒருமுறை பார்ப்பது ஆழமாகப் பதியும்.

குரல் கேட்டதும் நடையை நிறுத்துங்கள். கண்ணை மூடி, முகத்தை மெல்ல இருபுறமும் திருப்பி, ஒலி இரு காதிலும் சமமாக விழும் திசையைக் கண்டுபிடியுங்கள். உள்ளங்கைகளைக் காதுகளுக்குப் பின்னால் குவித்தால் திசை தெளியும். பிறகு பத்தடி நகர்ந்து மறுபடியும் செய்யுங்கள். இரண்டு திசைகளும் சந்திக்கும் கிளையில் அசைவுக்காகக் காத்திருங்கள்.

செம்மார்புக் குக்குறுவான் இதற்கு நல்ல பயிற்சி. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய, தடித்த பச்சைப் பறவை. நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. பெரும்பாலும் இலையற்ற உச்சிக் கிளையில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ‘டுக்’குக்கும் தலை ஒருமுறை குனியும், அலகு மூடியே இருக்க, கழுத்தின் இருபக்கமும் உள்ள வெற்றுத்தோல் உப்பி அடங்கும். தலையைத் திருப்பிக்கொண்டே ஒலிப்பதால் குரல் ஒருமுறை பக்கத்திலிருந்தும் மறுமுறை தூரத்திலிருந்தும் வருவதாகத் தோன்றும். அந்தக் கழுத்து உப்புவதை இருநோக்கியில் ஒருமுறை பார்த்துவிட்டால், ஒலியும் உருவமும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும்.

பார்க்க முடியவில்லையென்றால் ‘பார்க்கவில்லை’ என்றே நோட்டில் எழுதுங்கள். ஊகத்தை உறுதியாக எழுதி வைத்தால், அந்தத் தவறான பெயர் மாதக்கணக்கில் காதில் தங்கிவிடும்.

## படி 6: நேரமும் பருவமும் பாதி விடை சொல்லும்

நாளில்: விடிவதற்குச் சற்று முன்பிருந்து சூரியன் ஏறும்வரை குரல்கள் உச்சத்தில் இருக்கும். காற்று அடங்கி இரைச்சல் குறைந்திருப்பதால் ஒலி நெடுந்தூரம் போகும். இரை தேட வெளிச்சமும் போதாது. இருட்டில் முதலில் கேட்பவை குறைவு என்பதால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்க இதுவே நல்ல வேளை. ஐந்தரை மணிக்கு ஒரு குரல், ஐந்தே முக்காலுக்கு மூன்று என்று அவை ஒவ்வொன்றாகச் சேர்வதைக் கவனியுங்கள். ஆறரைக்குத் தவிட்டுக்குருவிக் கூட்டம் சலசலக்கத் தொடங்கினால் மற்றவை அதில் மூழ்கிவிடும்.

ஆண்டில்: பிப்ரவரி, மார்ச்சில் குயில் மும்முரமாகத் தொடங்கும். மார்ச் முதல் ஜூலைவரை குண்டுகரிச்சானின் காலம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலையோடைகளை ஒட்டிச் சீகார்ப் பூங்குருவி பாடும். ஆள் யாரோ மனம்போன போக்கில் சீழ்க்கை அடித்துக்கொண்டு போவதாகவே முதலில் தோன்றும்.

அக்டோபர் வாக்கில் வலசைப் பறவைகள் சேரும். அவற்றில் தோட்டக்கள்ளன் என்றும் ஆறுமணிக்குருவி என்றும் சொல்லப்படும் வண்ணப் பறவை, காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்கு ‘வீட்-ட்யூ’ என்று இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். பகலெல்லாம் புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டிருப்பதால் குரல் தெரியாதவருக்கு அது இருப்பதே தெரியாது. நாணலிலும் வேலியிலும் ‘டக்… டக்’ என்று நாக்கைத் தட்டும் ஒலி கேட்டால் அது வலசை வந்த நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். அவை இங்கே பெரும்பாலும் அழைப்பு மட்டுமே தரும். முழுப் பாட்டைத் தம் இனப்பெருக்க நாட்டுக்கே வைத்திருக்கும்.

ஆகையால் குரலைக் கேட்டதும் மாதத்தையும் மணியையும் சேர்த்தே யோசியுங்கள்.

## படி 7: இனிப் பாடகர்களிடம் போகலாம்

முதல் பத்தும் பழகிய பிறகே இங்கே வாருங்கள். இந்தப் பறவைகளின் பாட்டு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மெட்டை மனப்பாடம் செய்யக்கூடாது. குரலின் தன்மையையும் பாடும் விதத்தையும் பிடிக்க வேண்டும்.

குண்டுகரிச்சான்: கோடை விடியலில் தொலைக்காட்சி ஆன்டெனாவிலோ தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலோ கருப்பு வெள்ளைப் பறவை ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். தெளிவான சீழ்க்கை வரிகள், இடையே ஒரு மூச்சு நேரம் மௌனம், பிறகு சற்றே மாறிய வரி. பாடும்போது வால் மேலெழும், இறங்கும். வரிகள் மாறினாலும் அந்தத் தெளிவும் இடைவெளியும் மாறாது.

தையல்சிட்டு: ஆளைவிடக் குரல் பெரிது. செம்பருத்திச் செடிக்குள் ஒளிந்திருக்கும் விரலளவுக் குருவி, ஒரே அசையைப் பத்து இருபது முறை உரக்க அடித்துவிட்டு அடுத்த அசைக்கு மாறும்.

சாம்பல் கதிர்க்குருவி: மூக்கால் பேசுவதுபோன்ற ‘டீ-டீ’. கிளை விட்டுக் கிளை பறக்கும்போது மின்பொறி தெறிப்பதுபோல் ‘கிட்-கிட்-கிட்’ என்ற ஒலி கேட்டால் இது உறுதி. அந்த ஒலி தொண்டையிலிருந்து வருவதில்லை.

கொண்டைக்குருவிகள்: துள்ளலான, உருண்ட, குறுகிய சொற்றொடர்கள். செம்மீசைச் சின்னானும் செங்குதக் கொண்டைக்குருவியும் ஒரே தோட்டத்தில் இருந்தால் இரண்டையும் பார்த்துப் பார்த்துக் கேளுங்கள்; சின்னானின் குரல் கூடுதல் இனிமை.

மாம்பழச்சிட்டு: ‘வீஈஈஈ…’ என்று மெல்லிதாக நீண்டு, கடைசியில் ‘ட்யூ’ என்று விழும். வேறு பல குரல்களும் இதற்கு உண்டு. இந்த ஒன்றில் தொடங்குங்கள்.

## படி 8: ஏமாற்றும் குரல்கள்

அணில்: தொடங்குபவர்களை அதிகம் ஏமாற்றுவது பறவையே அல்ல. ‘கீச்-கீச்-கீச்’ என்று நிமிடக்கணக்கில் நிற்காமல் வரும் ஒலியைத் தேடிப்போனால், தென்னை மட்டையில் அணில் ஒன்று ஒவ்வொரு கீச்சுக்கும் வாலை வெட்டி வெட்டி உதறிக்கொண்டிருக்கும். அருகில் பூனை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மிமிக்ரி செய்பவை: இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சான், வல்லூறின் குரலை எழுப்பும். காடுகளில் துடுப்புவால் கரிச்சான் பல பறவைகளின் குரல்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிடும். மைனாவுக்கும் இந்தத் திறமை உண்டு. ஒரே கிளையிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் நாலைந்து பறவைகளின் குரல் வந்தால் கரிச்சானைத் தேடுங்கள்.

உறவுக்காரர்கள்: சமவெளித் தோப்புகளில் கேட்கும் பெரிய பச்சைக் குக்குறுவானும், மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியின் வெண்கன்னக் குக்குறுவானும் ‘குட்ரூ-குட்ரூ’ என்றே ஒலிக்கும். மலைப்பகுதிக் குக்குறுவான் பெரும்பாலும் ஓர் இழுத்த ‘கிர்ர்ர்’ ஒலியில் தொடங்கும். இரண்டும் சேர்ந்து வாழும் மலையடிவாரங்களில் பார்க்காமல் பெயர் சொல்ல வேண்டாம்.

## படி 9: செயலிகளை எப்படிப் பயன்படுத்துவது

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் வெளியிடும் ‘மெர்லின்’ செயலியில், கைபேசி ஒலிவாங்கி கேட்பதை வைத்துப் பறவையின் பெயரைச் சொல்லும் வசதி 2021-இல் வந்தது. இந்தியப் பறவைகள் பலவற்றையும் இப்போது அது அறியும். இலவசம், உரிய தொகுப்பை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் இயங்கும்.

பயன்படுத்தும் வரிசைதான் முக்கியம். முதலில் நீங்களே கேட்டு, உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதுங்கள். பிறகு செயலியைத் திறங்கள். அது சொல்வதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, பறவையைத் தேடிப் பாருங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் கைபேசி கற்கும், நீங்கள் கற்க மாட்டீர்கள். அணிலும் கரிச்சானும் செயலியையும் ஏமாற்றும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒப்பிட்டுக் கேட்க ‘ஜீனோ-கேன்டோ’ என்ற ஒலிக்களஞ்சியம் உதவும். நெதர்லாந்திலிருந்து 2005-இல் தொடங்கப்பட்ட இதில் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தம் பதிவுகளை ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு பதிவிலும் இடம், நாள், குரலின் வகை, தர வரிசை, ஒலிவரைபடம் எல்லாம் இருக்கும். தேடும்போது தென்னிந்தியப் பதிவுகளைத் தேர்ந்தெடுங்கள். கற்றுப் பாடும் பறவைகள் தொலைவில் வேறு மாதிரி பாடக்கூடும்.

## படி 10: பதிவு செய்யுங்கள், குறித்து வையுங்கள்

தெரியாத குரலைக் கைபேசியில் பதிவு செய்வது எளிது. ‘வேவ்’ கோப்பாகச் சேமிக்கும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். சுருக்கப்பட்ட கோப்பில் நுட்பமான ஒலிகள் இழக்கப்படலாம். கைபேசியின் ஒலிவாங்கிப் பக்கத்தைப் பறவையை நோக்கிப் பிடித்து, அரை நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். சட்டைத் துணி உரசும் ஓசைகூடப் பதிவாகும். முடிந்ததும் இடம், நேரம், குரல் வந்த உயரம், பறவையைப் பார்த்தீர்களா என்பதை உங்கள் குரலிலேயே சொல்லி நிறுத்துங்கள்.

பட்டியலை ‘இ-பேர்ட்’ தளத்தில் ஏற்றலாம். காதால் மட்டும் அறிந்த பறவையையும் அதில் சேர்க்கலாம். உறுதியாகத் தெரிந்திருந்தால் போதும். ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் உலகெங்கும் நடக்கும் கணக்கெடுப்பிலும் வீட்டு மாடியில் 15 நிமிடம் நின்றுகூடக் கலந்துகொள்ளலாம்.

## செய்யக்கூடாதவை

ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். தன் இடத்துக்குள் இன்னோர் ஆண் நுழைந்துவிட்டதாக நினைத்து அது இரையையும் கூட்டையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். அடைகாக்கும் காலத்தில் இது முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் ஆபத்து. சரணாலயங்களில் வனவுயிர்களைத் தொந்தரவு செய்வதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ஒப்பிட்டுக் கேட்க வேண்டுமென்றால் காதொலிப்பான் போட்டுக் கேளுங்கள்.

கூட்டருகே நின்று பதிவு செய்ய வேண்டாம். பறவை உங்களைப் பார்த்துக் கத்துகிறது என்றால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை ஊரறியச் சொல்லவும் வேண்டாம்.

இரவில் தனியாகக் காட்டோரம் போக வேண்டாம். ஆந்தையும் பக்கியும் கேட்க வீட்டு மாடியோ ஊர் ஏரிக்கரையோ போதும். காப்புக்காடுகளுக்கு வனத்துறை அனுமதி தேவை.

## முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு திட்டம்

முதல் மாதம்: நாள்தோறும் காலையில் ஒரே இடத்தில் பத்து நிமிடம். பட்டியலிலிருந்து வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பறவைகள். ஒவ்வொன்றையும் ஒலிக்கும்போதே பார்க்க முயலுங்கள்.

இரண்டாம் மாதம்: அதே இடம். வட்டத்தின் நடுவில் உங்களைப் புள்ளியாக வைத்து, எந்தத் திசையில் எந்தக் குரல் எவ்வளவு தூரத்தில் என்று வரையுங்கள். தெரியாத குரலுக்குக் கேள்விக்குறி போடுங்கள். வாரத்துக்கு ஒரு கேள்விக்குறியை மட்டும் துரத்திப் பிடியுங்கள்.

மூன்றாம் மாதம்: பாடகர்கள் ஐந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஏரிக்கரை, புதர்க்காடு, தோப்பு என்று வேறு ஒரு இடத்துக்குப் போங்கள். அங்கே போனதும் தெரிந்த குரல்களை முதலில் கழித்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தேர்ந்தவர்கள் காட்டுக்குள் செய்வதும் இதேதான்.

மூன்று மாதத்துக்குப் பிறகு நோட்டை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் தெருவில் குயில் முதலில் கூவிய நாள், குண்டுகரிச்சான் வாயை மூடிய வாரம், ஆறுமணிக்குருவி வந்த தேதி என்று எழுதிக்கொண்டே போங்கள். ஓர் ஆண்டில் உங்களிடம் எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒன்று சேர்ந்திருக்கும்: உங்கள் ஊரின் குரல் நாட்காட்டி. இரண்டாம் ஆண்டு அதே நோட்டை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தக் குரல் தள்ளி வந்தது, எது குறைந்தது, எது புதிதாகக் குடியேறியது என்று நீங்களே சொல்ல முடியும்.